கலியாணத்துக்குச் செல்ல இயலாதார் கடன்

பத்தாம் வகுப்பு மாணாக்கருக்குக் கடிதம் எழுதும் முறையைக் கற்பிக்கும்போது ஆண்டுதோறும் ஒரு குறையை உணர்கின்றேன். அழைப்புக் கடிதம் எழுதக் கற்பிக்கின்றோம். நன்றிக் கடிதம் எழுதக் கற்பிக்கின்றோம். விடுமுறை வேண்டி அதிபருக்கு விண்ணப்பம் எழுதவும் கற்பிக்கின்றோம். அழைக்கப்பட்ட ஒருவர் தாம் வர இயலாமையை அறிவித்து, வாழ்த்தும் அன்பளிப்பும் அனுப்பும்போது எழுதவேண்டிய கடிதத்தை மாத்திரம் எவரும் கற்பிப்பதில்லை.

சென்ற ஆண்டு இவ்வகுப்பில் இருந்த மாணாக்கன் ஒருவன், பாடம் முடியும் வேளையில் எழுந்து நின்று ஒரு வினா வினாவினான். அவனுடைய மாமியின் மகளுக்கு மட்டக்களப்பிலே கலியாணம் நடந்ததாம். பெண்ணுக்குத் தாய்மாமனாகிய அவன் தந்தையார்க்கு விடுமுறை கிடைக்கவில்லை. ஆதலின் 25,001 ரூபாவை ஒரு கடிதவுறையில் இட்டு, அங்கே செல்லவிருந்த அயலவர் ஒருவர் கையிற் கொடுத்து அனுப்பினார். அன்று தொட்டு மாமி அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசியிற் பேசுவதை விட்டுவிட்டார். “காசு அனுப்பினோமே ஐயா, வேறு என்ன செய்திருக்கவேண்டும்?” என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் மணி அடித்துவிட்டது. அவனுக்கு அன்று கூறாத விடையே இக்கட்டுரை. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்கின்றனர். கொழும்பில் வாழ்வோர் அவரினும் பலர். அவர்களுக்கும் இவ்விடை வேண்டப்படுவதே என்று கருதுகின்றேன்.

முதற்கண் ஒரு சொல்லை ஆராய்வோம். கலியாண வீட்டிற் கொடுக்கும் பணத்துக்கு ‘மொய்’ என்பது பழைய பெயர். மொய்த்தல் என்பது நெருங்குதல், கூடுதல் எனப் பொருள்படும். தேனடையில் ஈக்கள் மொய்ப்பதும், தேர்முட்டியிற் சனங்கள் மொய்ப்பதும் அச்சொல்லாலேயே குறிக்கப்படும். எனவே மொய் என்பது பலர் கூடி நெருங்கி நிற்றலைக் குறித்து, பின்னர் அவ்வாறு கூடினோர் இட்ட பொருளுக்கும் ஆயிற்று என்று கொள்ளுதல் பொருந்தும். கூட்டத்தினின்று பொருளைப் பிரித்துவிட்டால் எஞ்சுவது வெறும் பணமே. தமிழ்நாட்டிலே பேராவூரணி, கீரமங்கலம் முதலிய ஊர்களில் ஆடி மாதத்தில் மொய்விருந்து என ஒன்று நடைபெறுகின்றது. அங்கும் விருந்துண்டவர் மொய் எழுதுவர். எழுதிய தொகையை ஏட்டிற் குறித்து வைத்து, அவர் வீட்டு விருந்தின்போது திருப்பி இடுவர். அஃது ஒருவகைக் கடன்முறை. நம் நாட்டு வழக்கு அத்துணைக் கணக்கு வழக்குடையது அன்று. ஆயினும், எந்த வீட்டிலும் ஓர் அப்பியாசக் கொப்பியில் இன்னார் இன்னது தந்தார் என எழுதிவைக்கும் பழக்கம் இருந்தே வருகின்றது. என் தாயாரிடமும் அத்தகைய கொப்பி ஒன்று இருந்தது. 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்தை விட்டுச் சாவகச்சேரிப் பக்கம் நடந்த இரவிலே அவர் எடுத்துச் சென்ற பொருள்களுள் அதுவும் ஒன்று. ‘வீடு போனாற் கட்டலாம், யாருக்கு என்ன செய்யவேண்டும் என்பது மறந்தாற் பிறகு யாரைக் கேட்பது’ என்பது அவருடைய நியாயம்.

இரண்டாவதும் சொல் பற்றியதே. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒன்றன் பொருளையே உணர்த்துவன போலத் தோன்றினும், ஒருவரிடத்து ஒன்றை இரக்குங்கால் ‘ஈ’ என்பது தாழ்ந்தோன் கூற்று, ‘தா’ என்பது ஒத்தோன் கூற்று, ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கூற்று எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலிலே வரையறுத்தனர். அவரே கிளவியாக்கத்தில், தருதலும் வருதலும் தன்மை முன்னிலைகளுக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன என்றார். ஆகவே, நண்பனுக்கு எழுதும்போது ‘உனக்கு இதைத் தருகின்றேன்’ என்பது மரபு. அவனைப்பற்றிப் பிறரிடம் கூறும்போதே ‘அவனுக்குக் கொடுத்தேன்’ என வரும். ‘உங்களுக்கு 10,001 ரூபா கொடுத்திருக்கிறேன்’ என்று கலியாணக் கடிதத்தில் எழுதுவோரைக் கண்டிருக்கின்றேன். இலக்கண வழு ஒருபுறம் இருக்க, அதில் ஓர் இறுமாப்பும் தொனிக்கின்றது. கலியாண வீட்டார் நம்மிடம் எதனையும் இரக்கவில்லை. ‘இத்துடன் அனுப்பும் சிறு பொருளை அன்புடன் ஏற்றுக்கொள்க’ என்று எழுதுதலே தகும்.

இனி, வாராமை என்பது யாது எனப் பார்ப்போம். நம் கலியாண வீட்டுக்குச் செல்வோன் உண்பதற்காகச் செல்வதில்லை. அறுகம்புல்லும் அரிசியும் மஞ்சளும் கலந்த அறுகரிசியை மணமக்கள் தலையில் தூவி வாழ்த்துவதே அவன் செய்யும் தொழில். பெண்ணின் தாய்மாமனுக்கோ அதனினும் பொறுப்பு உண்டு. பந்தலில் அவருடைய இடம் வெறுமையாயின் எல்லாருடைய கண்ணும் அங்கே செல்லும். ‘அம்மான் எங்கே?’ என்று மாப்பிள்ளை வீட்டார் வினாவும்போது பெண்ணின் தாய் விடை கூறவேண்டும். என் மாணாக்கனின் மாமிக்கு வந்த கோபம் 25,001 ரூபா சிறிதென்று வந்ததன்று. அவ்வினாவுக்கு அவர் கையில் விடை இருக்கவில்லை. கடிதவுறையிற் பணம் இருந்தது. ஒரு வரி எழுத்து இருக்கவில்லை. அதனைக் கொணர்ந்த அயலவரோ உணவருந்தும் வேளையிற் கொடுத்துவிட்டுப் பேருந்துக்கு நேரமாயிற்றென்று போய்விட்டார்.

வாராமைக்குக் காரணங்கள் பல. தொழில், நோய், பரீட்சை, தூரம் என்பன எக்காலத்தும் உள்ளன. நம் தலைமுறைக்கு வேறு சிலவும் வாய்த்தன. 2006 ஆம் ஆண்டு ஆவணியில் ஏ-9 பாதை பூட்டப்பட்டபோது யாழ்ப்பாணத்துக் கலியாணங்கள் கொழும்பு உறவினர் இன்றியும், கொழும்புக் கலியாணங்கள் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் இன்றியும் நடந்தன. 2020 ஆம் ஆண்டு பங்குனியில் ஊரடங்கு வந்தபின், அச்சிட்ட அழைப்பிதழ்களைக் கட்டோடு மூலையில் வைத்துவிட்டு வீட்டுக்குள்ளே தாலி கட்டியோர் பலர். 2022 ஆம் ஆண்டு ஆனி ஆடி மாதங்களிற் பெற்றோல் இன்றிப் பக்கத்து ஊர்க் கலியாணத்துக்கும் போக முடியாதிருந்தது. இவற்றிற்கு எவரும் எவரையும் நொந்துகொள்வதில்லை.

துடக்கு என்பது தனியே சொல்லத்தக்கது. மரணத் துடக்கு உள்ளவர் அந்தியேட்டி முடியும் வரை மங்கல வீடுகளுக்குச் செல்வதில்லை. அக்காலத்தில் அன்பளிப்பு அனுப்புதலும் வழக்கமன்று. துடக்குக் கழிந்த பின்னரே அனுப்புவர். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வாழ்த்துக் கடிதத்தில் ‘எம் பெரியப்பா காலமாகிவிட்டமையால் வரமுடியவில்லை’ என்று எழுதலாகாது. அக்கடிதத்தைக் கலியாண வீட்டார் பல ஆண்டு வைத்திருப்பர்; மணமகள் எடுத்துப் பார்க்குந்தோறும் அதிற் சாவுச்செய்தி இருத்தல் நன்றன்று. காரணத்தை வேறொருவர் வாயிலாகத் தெரிவித்து, கடிதத்தில் ‘தவிர்க்க இயலாக் காரணத்தால்’ என்னும் அளவோடு நிறுத்துக.

கைம்பெண்களான பெரியதாய்மாரும் மாமிமாரும் கலியாணப் பந்தலுக்கு வாராது, சமையற்கட்டோடு அல்லது தம் வீட்டோடு நின்றுவிடுதல் இன்னும் சில இடங்களில் உண்டு. அதனை வாராமை என்று கூற என் மனம் ஒருப்படாது, அது வரவிடாமை. அத்தகையோர் அனுப்பும் சேலையை வாங்கி வைத்துக்கொண்டு, அவரை மாத்திரம் விலக்குதல் என்ன நீதி? மணமக்கள் தாலி கட்டிய அன்றே அவர் வீட்டுக்குச் சென்று கால்தொட்டு வணங்கி வந்ததை ஒருமுறை கண்டேன். அம்மணமகன் நம் கல்லூரிப் பழைய மாணவன் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

அன்பளிப்பு அனுப்பும் காலம் எது? கலியாண நாளுக்கு முன் என்பதே விடை. முன்னரே வீட்டுக்குச் சென்று, வர இயலாமையைச் சொல்லி, கையிற் கொடுத்து வருதல் எல்லாவற்றிலும் சிறந்தது. அழைப்பிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் பூசி வீடு தேடி வந்து தந்தவர்க்கு, நாமும் வீடு தேடிச் சென்று சொல்லுதல் முறைதானே. சொல்லும் செய்தியையும் காலத்தோடு சொல்லவேண்டும். மண்டபத்துச் சாப்பாடு தலைக்கணக்கிற் சொல்லி ஒழுங்கு செய்யப்படுவது. ஐந்து பேருள்ள குடும்பம் சொல்லாது நின்றுவிட்டால் ஐந்து இலைச் சோறு வீணாகும். சொல்லாது நின்ற குடும்பங்கள் இருபதாயின் கலியாணத் தகப்பனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

கலியாண நாளிற் பிறர் கையில் அனுப்புதல் கடைசி வழி. அவ்வாறு அனுப்பின், கடிதவுறையின் மேல் முழுப்பெயர், ஊர், உறவுமுறை மூன்றும் இருத்தல் வேண்டும். ‘சிவகுமார் குடும்பம்’ என்று மாத்திரம் எழுதினால், இரவு கொப்பியில் எழுதுவோர் எந்தச் சிவகுமார் என்று தலையைச் சொறிவர். ஒரு சுற்றத்துக்குள்ளேயே நான்கு சிவகுமார் இருப்பர். உறையை ஒட்டுதல், ‘இதைப் பெண்ணின் தகப்பனார் கையிலேயே கொடுக்க’ என்று கொண்டுசெல்வோரிடம் சொல்லுதல், மறுநாள் கிடைத்ததோ என வினவுதல் ஆகிய மூன்றும் மறக்கலாகாதன. வினவுதல் நம்பாமை அன்று. கொண்டு சென்றவர்க்கும் அதுவே பாதுகாப்பு. தபாலில் அனுப்புவதாயின் காசை உறையில் இடாது காசுக்கட்டளையாக அனுப்புக. பொருளாயின் பதிவுத் தபாலில் அனுப்புக. தங்கத்தைத் தபாலுக்கு விடலாகாது. வங்கிக் கணக்கில் வைப்பிடுதல் இக்காலத்து எளிய வழி. ஆயின் வங்கித் தாளில் இலக்கங்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. அது கிடைத்த வீட்டார் ‘இது யார் போட்ட காசு?’ என்று ஒரு கிழமை தேடுவதுண்டு. வைப்பிட்ட அன்றே கடிதமும் புறப்படவேண்டும்.

எவ்வளவு அனுப்புவது என்பது எல்லாரும் கேட்கும் வினா. 501, 1,001, 5,001 என்று ஒன்று கூட்டி இடுதல் வழக்கு. பூச்சியத்தில் முடியாது தொடர்தல் மங்கலம் என்பது கருத்து. தொகையை நான் விதிக்கமாட்டேன். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்க்கு மாத்திரம் ஒன்று சொல்வேன். அங்கே ஒரு நாட் சம்பளமாகிய பணம் இங்கே ஒரு குடும்பத்தின் மாதச் செலவாகும். அன்பு மிகுதியால் அவ்வளவையும் அனுப்புகின்றீர்கள். இங்குள்ள தகப்பன் அதனைக் கொப்பியில் எழுதும்போது கை நடுங்குகின்றது. உங்கள் பிள்ளையின் கலியாணத்துக்கு அவர் என்ன செய்வார்? உதவி செய்ய விரும்பின் உதவியாகவே முன்னர்த் தனியே செய்க. மந்திரச் சடங்குக்கும் சமையலுக்கும் அது பயன்படும். மொய்யை ஊரிலுள்ள ஒத்த உறவினர் இடும் அளவில் வைக்க. இரண்டையும் ஒரே உறையில் இட்டால் உதவியும் மொய்யும் ஒருங்கே கெடும்.

பொருளாக அனுப்புவோர் ஒருவரோடொருவர் கலந்துகொள்ளுதல் நன்று. புதுக்குடித்தனக்காரர் வீட்டில் ஏழு சுவர் மணிக்கூடுகள் இருந்ததையும், ஏழும் ஏழு நேரம் காட்டியதையும் கண்ணாரக் கண்டவன் நான். ஒரு வகுப்பிற் படித்தவர்கள் கைத்தொலைபேசிக் குழுவிற் கூடிப் பணம் சேர்த்து ஒரு நல்ல குத்துவிளக்கோ மோதிரமோ அனுப்புகின்றனர், அது பாராட்டத்தக்கது. எனினும், குழுவிற் பணம் இட்டதோடு தன் கடன் தீர்ந்தது என ஒவ்வொருவரும் எண்ணிவிட, மணமகனுக்கு நாற்பது பேர் சேர்ந்து அனுப்பிய ஒரு விளக்கும், எவரும் எழுதாத ஒரு கடிதமுமே கிடைக்கின்றன. ‘அன்பளிப்புக்களைத் தவிர்க்கவும்’ என அழைப்பிதழில் அச்சிட்டிருந்தால் அதனை உண்மை என்றே கொண்டு, கடிதம் மாத்திரம் அனுப்புக.

கடிதத்துக்கு வருகின்றேன். மாணாக்கர் பெரும்பாலும் ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என்று தொடங்கி அதனோடு முடித்துவிடுவர். பதினாறு என்பது பிள்ளைகளின் தொகை என்றே அவருட் பாதிப்பேர் கருதுகின்றனர். கல்வி, அறிவு, ஆயுள், புகழ் முதலாகிய பதினாறு பேறுகளையே அது குறித்தது. பொருள் தெரிந்து எழுதினால் நன்று. ஆயினும், அது எல்லார் கடிதத்திலும் இருப்பது. உங்கள் கடிதத்தில் உங்களுக்கும் மணமக்களுக்கும் மாத்திரம் உரிய ஒன்று இருத்தல் வேண்டும். என் மாணாக்கனின் தந்தையார் தம் தங்கைக்கு எழுதியிருக்கத்தக்க கடிதத்தை, பின்னர் வகுப்பில் எல்லாருமாகச் சேர்ந்து இவ்வாறு அமைத்தோம்:

“சிவமயம். அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. பிள்ளையின் கலியாணத்துக்கு நான் வரமுடியாதிருப்பதை நினைக்க என் மனம் ஆறவில்லை. இரண்டு முறை விடுமுறை கேட்டும் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், அம்மான் கடமையில் நிற்கின்றார், தைப்பொங்கலுக்கு வந்து பிள்ளைகளைப் பார்ப்பார் என்று சொல். அவள் சிறுபிள்ளையாய் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் தோளில் இருந்து நல்லூர்த் தேர் பார்த்தவள். தாலி கட்டும் முகூர்த்தத்தில் நானும் மைத்துனியும் இங்கே சுவாமி அறையில் விளக்கேற்றி நிற்போம். இத்துடன் வரும் காசில் அவளுக்குப் பிடித்த நிறத்தில் ஒரு சேலை எடுத்துக் கொடு. இருவரையும் எங்கள் வீட்டு விருந்துக்கு இப்போதே அழைக்கின்றேன்.”

இதில் அரிய சொல் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார்க்குக் கூறவேண்டிய விடையைத் தங்கையின் கையில் வைத்துவிட்டது என்பதே இதன் பயன். விருந்துக்கு அழைத்தலையும் கவனிக்க. கலியாணத்துக்குப் பின் மணமக்களை உறவினர் ஒவ்வொருவராக அழைத்து விருந்திட்டுப் பரிசளிக்கும் வழக்கம், வரமுடியாதவர்க்கென்றே முன்னோர் விட்டுவைத்த வாயில் போன்றது. தமக்கு மைத்துனியாவது தங்கைக்கு மச்சாள் அன்றோ என வகுப்பில் ஒருவன் கேட்டான். கேட்டது சரியே. தங்கைக்கு எழுதும்போது ‘நானும் உன் மச்சாளும்’ என்றே வருதல் வேண்டும். நாங்கள் செய்த பிழையை இங்கே திருத்தாது விட்டிருக்கின்றேன். உறவுப் பெயரை எழுதுவோன் பக்கத்தினின்றா, படிப்போன் பக்கத்தினின்றா கூறுவது என்பதை மாணாக்கர் அறிய இது உதவும்.

காலம் தாழ்ந்துவிட்டதே என்று நாணி, ஒன்றும் அனுப்பாது விடுவோரே மிகப் பலர். அவருள் யானும் ஒருவன். 2008 ஆம் ஆண்டு என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பனுக்குக் கொழும்பிற் கலியாணம் நடந்தது. நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன், பாதை பூட்டியிருந்தது. பாதை திறந்ததும் நேரிற் சென்று கொடுக்கலாம் என்று எண்ணி ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழும் வாங்கி வைத்தேன். அடுத்த ஆண்டு பாதை திறந்தது. அப்போது அவனுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். இனிக் கலியாணப் பரிசோடு செல்வது நகைப்புக்கிடமாகும் என்று நின்றுவிட்டேன். அவன் ஊருக்கு வந்த செய்தி அறிந்தும் கண்ணிற் படாது விலகிய நாள்களும் உண்டு. 2015 ஆம் ஆண்டு ஒரு செத்தவீட்டிலே எதிர்ப்பட்டோம். “நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும், கப்பலிலா வருவாய்? ஒரு கடிதமாவது வரும் என்றுதான் பார்த்திருந்தேன்” என்றான். சிமிழ் அப்போதும் என் அலுமாரியில் இருந்தது, கறுத்துப்போயிருந்தது. சாம்பலிட்டு விளக்கி அனுப்பினேன், ஒரு கடிதத்தோடு. ஏழாண்டு தாழ்ந்த அன்பளிப்பையும் அவன் மனைவி நெற்றியிற் குங்குமம் இட்டே வாங்கினாளாம்.

பெறுவோர்க்கும் கடன் உண்டு. கிடைத்தது என்ற செய்தியை ஒரு கிழமைக்குள் அனுப்புதல் வேண்டும். அச்சடித்த நன்றி அட்டை போதாது என்பேன். அட்டையின் மூலையிலாவது மணமக்கள் கையெழுத்தில் ஒரு வரி இருக்கட்டும். வந்தவர்க்குத் தாம்பூலமும் பலகாரமும் கொடுத்தனுப்பும் நாம், வாராதவர்க்கும் ஒரு பலகாரச் சரையை எடுத்து வைத்தல் நம் பழைய வழக்கு. பயற்றம்பணியாரமும் சீனி அரியதரமும் பல நாள் பழுதுபடாதவை. கொழும்புக்கும் போகும், கனடாவுக்கும் போகும்.

மேலே கூறிய கடிதத்தை வகுப்பில் அமைத்தபின், அம்மாணாக்கன் அதனைத் தன் கொப்பியினின்று பார்த்து எழுதி, மச்சாள் என்பதையும் திருத்தி, தந்தையார் கையொப்பத்துக்கு வைத்தானாம். தந்தையார் முதலிற் சினந்தார் என்றும், இரண்டு நாள் கழித்து நல்லூர்த் தேர் பற்றிய வரியை வெட்டி, அதனிடத்தில் வேறொன்றைத் தம் கையால் எழுதினார் என்றும் சொன்னான். அது யாது என்று நான் கேட்கவில்லை. தைப்பொங்கல் கழிந்து பாடசாலை தொடங்கிய அன்று, ஒரு சரை பயற்றம்பணியாரம் ஆசிரியர் அறைக்கு வந்தது.